தாம்பூலத் துணியில் ஒரு முகக்கவசம்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ஒரு பை இருக்கும். கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரி கொலு என்று போன இடத்திலெல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட்கள் அதில் அடைந்து கிடக்கும். அதைத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் குறைவு. அடுத்த விசேஷத்துக்கு வருகிறவருக்கு அப்படியே எடுத்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். ஊரெல்லாம் சுற்றிவிட்டு முதலில் கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்த பிட்டும் உண்டு. 2020 ஏப்ரலில் அந்தப் பைக்குத் திடீரென்று மவுசு வந்தது.

கொரோனா பரவிய அந்த வருஷம் மார்ச்சிலேயே மருந்துக்கடைகளில் மாஸ்க் தீர்ந்துபோயிருந்தது. மார்ச் 13 அன்று மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம் கழித்து, இரண்டடுக்கு மாஸ்க்கை 8 ரூபாய்க்கு மேலும் மூன்றடுக்கு மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேலும் விற்கக் கூடாது என்று விலையும் கட்டியது. விலை இருந்தது, சரக்கு இல்லை. மாதக் கடைசியில் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வீட்டிலேயே மாஸ்க் தைப்பதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. பெரியவர்களுக்கு 9-க்கு 7 இஞ்ச் துணி, குழந்தைகளுக்கு 7-க்கு 5 என்று அதில் அளவு கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சுகாதார அமைச்சகமும் வீட்டில் தைத்த மாஸ்க்கைப் போடச் சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 இஞ்ச் பன்னாவில் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பன்னாவில் 7 இஞ்சாக ஐந்து, நீளத்தில் 9 இஞ்சாக மூன்று, ஆகப் பதினைந்து துண்டு. இரண்டடுக்கு வைத்துத் தைத்தால் ஏழு மாஸ்க், மூன்றடுக்கு என்றால் ஐந்து. மீதி விழும் பட்டையில் ஒன்றிரண்டுக்கு நாடாவும் தேறும்.

ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்த தெருமுனை டெய்லர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், மத்திய சிறைகளின் தையல் கூடங்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகள் எல்லாம் இதில் இறங்கின. வெளிநாட்டிலும் இதே கதைதான். செக் குடியரசில் மார்ச் 19 முதல் வெளியே வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூடியே ஆக வேண்டும் என்று உத்தரவானது. கடையில் மாஸ்க் இல்லை. ஜனங்களே மெஷினைத் தூசி தட்டி உட்கார்ந்து தைத்துத் தள்ளினார்கள். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். அமெரிக்கா கொஞ்சம் தடுமாறியது. மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள் என்று பிப்ரவரி கடைசியில் சொன்ன அந்நாட்டின் அப்போதைய தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் ஜெரோம் ஆடம்ஸ், ஏப்ரலில் பழைய துணியை மடித்து இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டி மாஸ்க் செய்வது எப்படி என்று வீடியோவில் செய்து காட்டினார்.

துணியை வாயில் கட்டி நோயைத் தடுக்கலாம் என்பதை உலகத்துக்கு உறைக்கச் சொன்னவர் பினாங்கில் பிறந்த ஒரு டாக்டர். பெயர் வூ லியென் தே. கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அவரைச் சீன அரசு அனுப்பியபோது வயது 31. அங்கே பிளேக் பரவிக்கொண்டிருந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைக் கொண்டுவரும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்த வூ, இது நுரையீரலைத் தாக்கும் வகை, மூச்சு வழியாகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்றார். இரண்டு மடிப்புக் காஸ் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, முனைகளைக் கிழித்து நாடாவாகத் தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க் ஒன்றையும் தயாரித்தார். அனுபவசாலியான பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார்; சில நாளில் பிளேக்கில் இறந்தார். அதன் பிறகு மாஸ்க் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. சுமார் 60 ஆயிரம் பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோய் 1911-இல் அடங்கியது. தனிமைப்படுத்தல், ரயில் நிறுத்தம், பிணங்களை எரித்தல் எல்லாம் சேர்ந்துதான் அடங்கியது. மாஸ்க்குக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது.

வாய் கட்டும் வழக்கம் அதற்கும் முந்தியது. யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் அப்படியே. தன் மூச்சும் எச்சிலும் சாமிமேல் படக் கூடாது என்பது அங்கே எண்ணம். துணி மாஸ்க் எதற்கு நன்றாக உதவும், எதற்கு உதவாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கஷ்டம். அடுத்தவர் கிருமி நம்மிடம் வராமல் தடுப்பதைவிட, நம்முடையது அடுத்தவரிடம் போகாமல் பிடிப்பதில்தான் அது கெட்டி.

காரணம் எளிது. கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மைக்ரான். பருத்தி இழை ஒன்றே பத்து இருபது மைக்ரான் பருமன். நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள சந்தில் ஆயிரக்கணக்கான வைரஸ் கைகோத்துப் போகலாம். ஆனால் துணி சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை, வைரஸும் தனியாக வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகளுக்குள்தான் அது இருக்கிறது. வாயைவிட்டு வரும் நொடியில் அந்தத் துளிகள் பெரிதாக, ஈரமாக இருக்கும். கனம் இருப்பதால் காற்று இழையைச் சுற்றி வளையும்போது அவற்றால் வளைய முடியாது. நேரே போய் நூலில் மோதி ஒட்டிக்கொள்ளும். காற்றில் கொஞ்ச தூரம் போய்விட்டால் ஈரம் உலர்ந்து அதே துளி சுருங்கிவிடும். பிறகு அதைத் துணியால் பிடிப்பது பாடு. ஆகவே பிடிக்க வேண்டிய இடம் புறப்படும் வாய்தான்.

பருத்திக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. அது ஈரம் குடிக்கும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியான ஆய்வில் துணிகளை மூச்சுக்காற்று அளவுக்கு ஈரப்படுத்திச் சோதித்தார்கள். பருத்தித் துணிகளின் வடிகட்டும் திறன் சராசரியாக 33 சதவீதம் கூடியது. ஈரத் துணிக்குள் நுழையும் துகள், போகிற போக்கில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு பெருத்து, நூலில் மாட்டிக்கொள்கிறது. நைலானும் பாலியெஸ்டரும் ஈரம் குடிக்காததால் அவற்றில் இந்தப் பலன் இல்லை. அதற்காக, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கட்டிக்கொள்ளக் கூடாது. மூச்சு போக வழியில்லாமல் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

சரி, தாம்பூலப் பைக்குத் திரும்புவோம். அதில் இருப்பதெல்லாம் பருத்தி இல்லை. கைக்குப் பருத்தி போலவே இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் லேசாக மினுக்கும். அது பாலியெஸ்டர் கலந்ததாக இருக்கலாம். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, திரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடிந்துபோகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டும். ஆறிய பிறகு நசுக்கிப் பார்த்தால் நசுங்காது. இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த மணி நிரடும்.

அடுத்தது நெசவின் நெருக்கம். துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டம் கட்டமாக ஓட்டை தெரிந்தால் மாஸ்க்குக்கு ஆகாது. மெல்லிய மல் துணி இதில் தோற்றுவிடும். டூ பை டூ ரூபியா, பாப்ளின், கெட்டி நெசவுத் தலையணை உறை தேறும். பல தடவை துவைத்துப் பழகிய நல்ல வேட்டியை மூன்று மடிப்பாக வைக்கலாம். பனியன் துணி பின்னல் ரகம். இழுத்தால் கண் விரியும், அதனால் வெளி அடுக்குக்கு நெய்த துணியே மேல். கெட்டியாக இருந்தால் நல்லது என்று ஜீன்ஸ் துணியில் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு. மூச்சு நேரே வெளியேற முடியாவிட்டால் கன்னத்து ஓரமாக வெளியேறும்; அப்புறம் மாஸ்க் வெறும் அலங்காரம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்ன யோசனை மூன்றடுக்கு. வாயை ஒட்டி ஈரம் குடிக்கும் பருத்தி, நடுவில் பாலிபுரொப்பிலீன், வெளியே தண்ணீர் ஒட்டாத பாலியெஸ்டர் கலப்பு. ஜவுளிக்கடையில் துணிப்பை என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, நூலே இல்லாமல் அழுத்திச் செய்த பை, அதுதான் பாலிபுரொப்பிலீன். அது நன்றாக வடிகட்டும், ஆனால் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் உருகிவிடும். தினம் கொதிக்க வைத்துத் துவைக்கிற வீட்டுக்கு மூன்றடுக்கும் பருத்தியாக இருப்பதே வசதி.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு தடவை வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அலசாமல் தைத்தால் முதல் சலவையிலேயே சுருங்கி, மூக்குக்கும் தாடைக்கும் எட்டாமல் போகும்.

தைப்பதில் வித்தை என்று ஒன்று இருந்தால் அது மடிப்பில்தான். இரண்டு துண்டின் நல்ல பக்கத்தையும் உள்முகமாக வைத்து, சுற்றிலும் கால் இஞ்ச் விட்டுத் தைத்து, இரண்டு விரல் நுழையும் வாய் விட்டு, அதன் வழியாகத் திருப்ப வேண்டும். 7 இஞ்ச் உயரம் இப்போது ஆறரை. அதில் அரை இஞ்ச் ஆழத்துக்கு மூன்று மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஓர் இஞ்ச் துணியை விழுங்கும். மூன்றுக்கு மூன்று இஞ்ச் போக, மிஞ்சுவது மூன்றரை. பையில் வைக்கும்போது அந்த மூன்றரை இஞ்ச்தான். மாட்டிக்கொண்டு கீழே இழுத்தால் மடிப்பு பிரிந்து தாடைக்கு அடியில் போய் உட்காரும். மடிப்பின் வாய் வெளிப்பக்கத்தில் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் பஸ்ஸில் போகும்போது படும் தூசியெல்லாம் அதில் தங்கும். நடுமூக்கில் தையல் ஓடும் கிண்ண வடிவ மாஸ்க் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டை, அதுவும் மூச்சு நேரே படும் இடத்தில். மடிப்பு மாஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை.

மேல் ஓரத்துக்குள் நாலு இஞ்ச் நீளத்தில் ஒரு மெல்லிய கம்பி வைக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரொட்டிப் பாக்கெட் வாயைக் கட்டி வரும் கம்பிகூடப் போதும். இரு முனையையும் வளைத்து உள்ளே சொருகினால் குத்தாது, துணியையும் கிழிக்காது. கம்பி இல்லாத மாஸ்க்கைக் கண்ணாடி போடுகிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூக்கோரமாக வெளியேறும் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படியும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஆய்வுக் குழு ஒன்று 2020-இல் துணிகளைச் சோதித்தது. எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அதன் திறன் 60 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும் என்று தெரிந்தது. துணி வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியை அளவெடுப்பதில் காட்டினாலே போதும். கௌபாய் படத்துக் கொள்ளைக்காரன் போலக் கர்ச்சீப்பைப் பின்னால் முடிந்து, தாடைக்கு அடியில் காற்றாடவிட்டுப் போனவர்களைத் தெருத்தெருவாகப் பார்த்தோம். டியூக் பல்கலைக்கழகம் லேசர் ஒளியில் எச்சில் துளிகளை எண்ணிப் பார்த்ததில், அந்த மாதிரி கர்ச்சீப்பும் கழுத்தில் மாட்டும் மெல்லிய குழாய்த் துணியும் கடைசி வரிசைக்கே போயின. பருத்தி மாஸ்க்குகள் நன்றாகவே தேறின.

ஊரடங்கில் எலாஸ்டிக் கிடைக்காமல் திண்டாடியபோது டெய்லர்கள் பனியன் துணியைக் கையிலெடுத்தார்கள். பனியனைக் குறுக்கே முக்கால் இஞ்ச் பட்டையாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஓர் இழு இழுத்தால், பட்டை தானாக உள்ளே சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். ஓரம் அடிக்க வேண்டாம், பிரியாது, காதை அறுக்காது. விலை கொடுத்து வாங்கும் எலாஸ்டிக்கைவிட இதுவே சுகம் என்று சொல்லலாம். நாள் முழுக்கப் போடுகிறவர்களுக்குக் காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் முடியும் நாடா இன்னும் நல்லது; ஓரம் நன்றாகப் படியும்.

இவ்வளவும் செய்து தைத்த மாஸ்க் எந்த அளவுக்குக் காக்கும்? இங்கே கொஞ்சம் பட்டென்று பேச வேண்டும். 2013-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 21 பேர் பருத்தி டி-சர்ட்டில் தாங்களே மாஸ்க் தைத்துப் போட்டுக்கொண்டு இருமினார்கள். கடையில் விற்கும் சர்ஜிகல் மாஸ்க் கிருமிகளை அதைவிட மூன்று மடங்கு தடுத்தது. ஒன்றுமே இல்லாததற்குத் துணி மேல், கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் முடிவு. ஹனோய் மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமை. துணி மாஸ்க் போட்டவர்களுக்குத்தான் தொற்று கூடுதலாக வந்தது. அதே தரவை 2020-இல் மறுபடி பார்த்தபோது சலவையின் பங்கு தெரிந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துவைக்கக் கொடுத்தவர்கள் தப்பினார்கள். அவரவர் கையால் கசக்கிப் போட்டவர்கள் மாட்டினார்கள்.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. மாஸ்க் இலவசமாகக் கொடுத்து எடுத்துச் சொன்ன கிராமங்களில் அதை ஒழுங்காகப் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடினார்கள். அறிகுறியோடு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று அங்கே சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த ஊர்களில்தான். துணி மாஸ்க் கொடுத்த ஊர்களில் உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பத்துத் தடவை சோப்புப் போட்டுத் துவைத்த சர்ஜிகல் மாஸ்க்கே புதுத் துணி மாஸ்க்கைவிட நன்றாக வடிகட்டியது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. தையல்காரர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

இரண்டையும் சேர்த்தால் கதை மாறுகிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஜனவரியில் ஒரு பொம்மைத் தலையை இரும வைத்துச் சோதித்தது. துணி மாஸ்க் மட்டும் போட்டபோது 51 சதவீதத் துகள்களும், சர்ஜிகல் மட்டும் போட்டபோது 56 சதவீதமும் தடுக்கப்பட்டன. சர்ஜிகலின் மேல் துணியைப் போட்டபோது 85 சதவீதம். சர்ஜிகல் நன்றாக வடிகட்டும், ஆனால் கன்னத்தில் படியாது. துணி அதைப் படிய வைத்துப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு வீட்டில் தைக்கும் மாஸ்க்குக்கு உண்மையான வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

சலவை விஷயத்தில் ஆய்வுகள் முட்டிக்கொள்கின்றன. 2019-இல் வெளியான ஒரு நேபாள ஆய்வில் நாலு சலவையிலேயே துணி மாஸ்க்கின் திறன் 20 சதவீதம் இறங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் போடுவதற்குச் சமமாக 52 தடவை துவைத்துப் பார்த்தார்கள். பருத்தியின் வடிகட்டும் திறன் குறையவில்லை, மூச்சுவிடுவது மட்டும் கொஞ்சம் சிரமமானது. நேபாள மாஸ்க்குகளில் துணி இழுபட்டுக் கண் விரிந்துபோனது அங்கே தெரிந்த ஒரு காரணம். ஆக, முறுக்கிப் பிழியாமல், இழுத்துக் கொடியில் போடாமல் காயவைத்தால் நெய்த பருத்தி நிறைய நாள் உழைக்கும். அரசுக் கையேடு சொன்ன முறை நம் வீட்டுக்குத் தோதானது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் துவைத்து 5 மணி நேரம் நல்ல வெயிலில் காயவைக்கலாம். வெயில் இல்லாவிட்டால் உப்புப் போட்டு 15 நிமிடம் கொதிக்க வைக்கலாம், குக்கரில் என்றால் 10 நிமிடம். சாம்பார் வைக்கும் குக்கரிலா என்று வீட்டில் ஒரு சண்டை வரும். அதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

அந்தக் காலத்து வேடிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் ஓர் ஓட்டல் மாஸ்க் வடிவத்தில் பரோட்டா போட்டது. கோவையில் ஒரு நகைத் தொழிலாளி தங்கக் கம்பியிலும் வெள்ளிக் கம்பியிலும் மாஸ்க் பின்னினார். 2020 ஜூலைக் கடைசியில் ரேஷன் கடையில் தலைக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகத் தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. செப்டம்பரில் மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் வந்தது. 2022 ஜனவரியில் அது 500 ஆனது. சில மாதங்களில் கட்டாயமே போய்விட்டது. மாஸ்க்குகள் டூவீலர் கண்ணாடியில் தொங்கி, பிறகு அதையும் துடைக்கும் துணியாயின.

இப்போது ஒன்றைத் தைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கட்டும். சளி இருமலோடு பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ போகும்போது அடுத்தவருக்குத் தொற்றாமல் இருக்க மூன்றடுக்குப் பருத்தி மாஸ்க் உதவும். உள்ளே ஒரு சர்ஜிகல் மாஸ்க் இருந்தால் நன்றாகவே உதவும். போகிப் புகைக்கும் டீசல் புகைக்கும் அதை நம்ப வேண்டாம். அவற்றின் நுண்துகளில் பெரும்பங்கு துணியைத் தாண்டிவிடும். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களும் என்95 வாங்குவதே சரி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் கட்டக் கூடாது. தைத்து முடித்ததும் மாட்டிக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் மெழுகுவத்தியை வைத்து ஊதிப் பாருங்கள். அணைந்துவிட்டால் இன்னோர் அடுக்கு சேர்த்துத் தையுங்கள்.